ஆயத்த அவசரப் பை: மட்டக்களப்பு மாரிக்கு எது உதவும், எது வெறும் சுமை

வீட்டை விட்டு அவசரமாக வெளியேற நேர்ந்தால் தூக்கிக்கொண்டு புறப்படுவதற்கென, தேவையான பொருள்களை அடுக்கியே விற்கப்படும் ஆயத்தப் பைகள் சில காலமாக மட்டக்களப்பு நகரக் கடைகளிலும் இணைய விற்பனையிலும் கிடைக்கின்றன. 2024 நவம்பர் வெள்ளத்தையும் 2025 நவம்பரில் வந்த டித்வா புயலையும் கண்ட பிறகு இவற்றை விசாரிப்போர் கூடியிருப்பதாகக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். நான் வாங்கியது சிவப்பு நிறத்தில், முதுகில் மாட்டக்கூடிய, 'நால்வருக்கு மூன்று நாள்' என்று அட்டையில் அச்சிடப்பட்ட வகை. விலை 14,500 ரூபா. உள்ளடக்கம் மாறாத இதே பை வெவ்வேறு வணிகப் பெயர்களுடன் விற்கப்படுகிறது என்பதால் பெயரைச் சொல்வதில் பயன் எதுவும் இல்லை. பையும், அதனுள் இருக்கும் கைப்பிடி சுழற்றும் வானொலியும் காசுக்குத் தகுந்தவை. மீதியில் பாதிக்கு மேற்பட்டவை, பனி விழும் ஏதோ ஒரு நாட்டில் நிலநடுக்கத்துக்குப் பின் தெருவில் இரவைக் கழிப்பவரை நினைத்து அடுக்கப்பட்டவை. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து, இடுப்பளவு நீர் வருமுன் கிளம்புகிற ஒரு குடும்பத்துக்கு அவை வெறும் சுமை.

இந்தத் தீர்ப்புக்குக் காரணம் விளங்க வேண்டுமானால், இங்குள்ளவர்கள் எப்படி வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் பெரும்பாலும் இரண்டு வகையான புறப்பாடுகளே உண்டு. முதலாவது மாரி வெள்ளம். வடகீழ்ப் பருவ மழை கார்த்திகையில் வலுத்துத் தை வரை நீள்கிறது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற குளங்கள் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டதும் தாழ்ந்த ஊர்கள் முதலில் நனைகின்றன; கிரான் புலிபாய்ந்தகல் வீதியை நீர் மூடித் தோணிப் போக்குவரத்துத் தொடங்குகிறது; வாவி நீர் கடலுக்கு இறங்காமல் நிற்கும்போது முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டியிருக்கிறது. இந்த வெள்ளம் பெரும்பாலும் சொல்லிக்கொண்டே வருவது. வான்கதவு திறக்கப்படும் செய்தி பிரதேச செயலகத்துக்கும் அங்கிருந்து கிராம சேவகருக்கும் வந்து சேர்ந்த பிறகு, முற்றத்தில் நீர் ஏறுவதற்குள் கொஞ்ச நேரமாவது மிஞ்சும். போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஒரு பாடசாலை. தங்குவது ஓர் இரவாக முடியலாம். 2011 ஜனவரியில் நடந்தது போல நாள்கணக்காகவும் இழுபடலாம்.

இரண்டாவது கடல். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியதற்கும் கிழக்குக் கரையில் அலை ஏறியதற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தும், நாவலடியிலோ கல்முனையிலோ மருதமுனையிலோ இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன் பின்னர் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது, அனர்த்த அவசர அழைப்புக்கு 117 என்ற இலக்கம் வந்தது, கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்களும் நின்றன. எனினும் எச்சரிக்கை வந்தபின் கடலோர வீட்டாருக்குக் கிடைப்பது பொருள் அடுக்கும் நேரமல்ல. வாசலில் மாட்டியிருக்கும் பை கையில் தட்டினால் எடுக்கலாம், தட்டாவிட்டால் விட்டுவிட்டு ஓட வேண்டும். கல்லடி, நாவலடிப் பக்கத்தாருக்குக் கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக இருப்பதால் அவர்கள் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. வெள்ளக் காலத்தில் படுவான்கரையார் அதற்கு எதிர்த்திசையில், மண்முனை, பட்டிருப்புப் பாலங்களைக் கடந்து வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கு வருகிறார்கள். ஒரே பை இந்த இரண்டுக்கும் பொருந்த வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட முதியவர்கள் மூன்றாவது வகை ஒன்றையும் சொல்வார்கள்: கூரை பறந்துவிட்டது, ஆனால் வெளியே போகவும் முடியாது. அதற்குப் பையை விடக் கொங்கிறீற்றுத் தட்டு உள்ள அயல் வீடுதான் உதவும்.

இனிப் பைக்கு வருவோம். அட்டையில் '72 பொருள்கள்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் துண்டு ஒவ்வொன்றும் ஒரு பொருள், கிருமிநீக்கித் துடைப்பான் ஒவ்வொன்றும் ஒரு பொருள், ஊக்குகள் கூடத் தனித்தனிக் கணக்கு. இவற்றைக் கழித்தால் மிஞ்சுபவை இருபதுக்குள் அடங்கும். அவற்றிலும் கம்பிவாள், மடக்கு மண்வெட்டி, திசையறி கருவி, தீப்பொறி உரசும் கோல் ஆகியவை காட்டில் வழி தவறியவருக்கு உரியவை. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை எந்த ஊரில் நின்றாலும் கடல் எந்தப் பக்கம் என்று கேட்பதற்குத் திசையறி கருவி தேவைப்படாது. இந்த நான்கையும் நிறுத்துப் பார்த்தபோது ஒரு கிலோவுக்கு மேல் வந்தது. அதே எடைக்கு ஒரு லீற்றர் குடிநீர் கொண்டுபோகலாம்.

பையின் துணி தடிப்பானது, தோள்பட்டிகள் அகலமானவை, மார்பின் குறுக்கே பூட்டும் ஒரு பட்டியும் உண்டு. நீரில் நடக்கும்போது இரண்டு கைகளும் சுயாதீனமாக இருக்க வேண்டும் என்பதால் முதுகுப்பை என்ற வடிவமே சரியான தெரிவு. சூட்கேசு, உரப்பை, சொப்பிங் பை எதுவும் அதற்கு ஈடாகாது. ஆனால் 'நீர் புகாதது' என்ற விளம்பரத்தை அப்படியே ஏற்க முடியவில்லை. உள்ளே பத்திரிகைத் தாள்களை அடைத்துக் குழாய்க்கிணற்றின் கீழ் வைத்து அடித்துப் பார்த்தேன். துணி தாங்கியது, மேல் சிப்பின் இரு முனைகளிலும் நீர் கசிந்து, முன்பக்க அறையிலிருந்த தாள் சிறிது நேரத்திலேயே ஊறிப்போனது. சாய்ந்து விழும் மாரி மழையில் நடந்தால் இந்தக் கசிவே போதும், உள்ளே இருப்பது எல்லாம் நனைந்துவிடும். தோணியிலிருந்து தவறி விழுந்தால் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே பையை நம்பி எதையும் நேரடியாக உள்ளே வைக்காமல், தடித்த பொலித்தீன் பையொன்றை உள்ளுறையாகப் போட்டு, வாயைச் சுருட்டி இறப்பர் பட்டியால் கட்டிய பின்னரே சிப்பை மூட வேண்டும். இன்னொன்று: சிப்பின் இழுப்பான் உலோகத்தால் ஆனது. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இருக்கும் வீட்டில் உப்புக்காற்று அதை ஒரு மாரிக்குள் பச்சை பூக்க வைத்துவிடும். மெழுகுதிரித் துண்டொன்றால் பல்வரிசை முழுவதையும் தேய்த்துவிட்டால் இறுகாமல் ஓடுகிறது.

வானொலிதான் இந்தத் தொகுப்பில் மிகச் சிறந்த பொருள். உள்ளங்கையளவு, கைப்பிடியைச் சுழற்றியும் மேலுள்ள சிறு சூரியத் தகட்டாலும் பற்றரியாலும் இயங்கும், முன்புறத்தில் விளக்கு உண்டு. ஒரு நிமிடம் சுழற்றினால் சில நிமிடங்களுக்குச் செய்தி கேட்க முடிகிறது. விளக்கு அதைவிட நீண்ட நேரம் எரிகிறது. வெள்ளக் காலத்தில் பாதுகாப்புக்காக மின்சாரத்தைத் துண்டிப்பதும், மின்சாரம் போன சில மணி நேரத்தில் தொலைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அடங்குவதும் வழமை. அந்த நேரத்தில் எந்தக் குளத்தின் கதவு எத்தனை அடி திறந்திருக்கிறது, எந்த வீதி மூடப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்ல வானொலி ஒன்றே மிஞ்சும். வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவுகளை விட அதன் செய்தி நிதானமானதும் கூட. ஆனால் 'கைப்பேசிக்கு மின்னேற்றும்' என்ற வசதி பெயரளவில்தான் இருக்கிறது: தோள் வலிக்கும் வரை சுழற்றினாலும் மின்னேற்றக் குறி அசைவதில்லை. அதற்கு 10,000 மில்லியம்பியர் மணி கொண்ட ஒரு பவர்பாங்கைத் தனியே சேர்ப்பதே வழி. அதன் உள்மின்கலம் 3.7 வோல்ற்றில் இருந்து 5 வோல்ற்றுக்கு ஏற்றிக் கொடுப்பதாலும் இடையில் ஏற்படும் இழப்பாலும் அட்டையில் உள்ள அளவில் மூன்றில் இரண்டு பங்கு அளவிலேயே கிடைக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். சாதாரணக் கைப்பேசியை ஒன்றரைத் தடவை நிரப்ப அது போதும். தொகுப்பிலுள்ள தனி டோர்ச்சில் பற்றரிகளைப் போட்டே அனுப்பியிருந்தார்கள். அவற்றை உடனே கழற்றி வேறாக வைப்பது நல்லது, புழுக்கத்தில் பற்றரி கசிந்தால் டோர்ச்சும் சேர்ந்து போய்விடும்.

குடிநீர் விடயத்தில் அட்டையின் கூற்றுக்கும் உள்ளடக்கத்துக்கும் தொடர்பே இல்லை. உள்ளே இருப்பவை 125 மில்லிலீற்றர் கொண்ட வெள்ளித்தாள் பொதிகள் ஆறு. மொத்தம் முக்கால் லீற்றர். குடிப்பதற்கு மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 லீற்றர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. குளிப்பு, சமையல், கழிவறை எல்லாம் சேர்த்து இடைத்தங்கல் முகாம்களுக்குச் சொல்லப்படும் சர்வதேசக் குறைந்தபட்ச அளவு ஆளுக்கு 15 லீற்றர். நால்வருக்கு மூன்று நாள் குடிநீர் என்றால் 36 லீற்றர், அதாவது 36 கிலோ. அதை எவராலும் முதுகில் சுமக்க முடியாது. ஆகவே தண்ணீரைச் சுமப்பதை விட, ஆளுக்கு ஒரு போத்தல் நீரும், தட்டையாக மடியும் வெற்றுக் கேன் ஒன்றும், குளோரின் மாத்திரைகளும் கொண்டுபோவதுதான் நடைமுறைக்கு உகந்தது. 67 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 20 லீற்றர் தெளிந்த நீருக்கு உரியது. கலங்கிய நீரைத் துணியால் வடித்து இரண்டு மாத்திரை போட வேண்டும். கலக்கி அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். வெவ்வேறு எடையில் மாத்திரைகள் விற்கப்படுவதால் உறையில் உள்ள அளவை வாசித்துப் போடுவது அவசியம். இந்தத் தொகுப்பில் மாத்திரை ஒன்றும் இல்லை. வெள்ளம் வடிந்த பின்னும் கிணறுகளை இறைத்துக் குளோரின் இடும் வரை எங்கள் பக்கத்து மணல் கிணறுகளின் நீரைப் பச்சையாகக் குடிக்க முடியாது என்பதால், இந்த ஒரு குறையே எனக்குப் பெரிதாகப் பட்டது.

உணவாகக் கொடுத்திருப்பது மாவும் எண்ணெயும் சீனியும் சேர்த்து இறுக்கிய கட்டி. ஐந்து வருடம் பழுதாகாதாம். பசிக்கு உதவும், ருசிக்கு அல்ல. அதன் உறையில் எழுதியிருப்பது எங்கள் வீட்டில் எவருக்கும் வாசிக்கத் தெரியாத மொழி. ஹலால் இலச்சினை இல்லை. மரக்கறி மட்டும் உண்பவர் சாப்பிடலாமா என்பதும் விளங்கவில்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சம்மாந்துறையிலும் விற்க நினைக்கும் ஒரு பொருளுக்கு இது சிறிய குறையல்ல. எங்கள் கடைகளில் கிடைப்பதே இதைவிட மேல்: அவல், சீனி, வறுத்த கச்சான், பேரீச்சம்பழம், கிறீம் கிறாக்கர், வளையத்தை இழுத்துத் திறக்கும் டின்மீன், வெந்நீரோ தண்ணீரோ விட்டுக் குழைக்கும் சமபோஷ தானிய மா. அடுப்பு வேண்டாத உணவு என்பதே இங்கு ஒரே நிபந்தனை. சோயாமீற்றும் நூடில்சும் வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும். முகாமுக்குச் சமைத்த உணவு எப்படியும் வந்து சேரும். பிரதேச செயலகம் கொடுக்காவிட்டாலும் கோயிலோ பள்ளிவாசலோ அயலூராரோ கொடுப்பார்கள். வராமல் போவது முதல் இரவுச் சாப்பாடுதான். மூன்று நாளுக்கு உணவு சுமப்பதை விட முதல் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் வயிறு நிறையச் சுமப்பது நல்லது என்பேன்.

மருந்துப் பெட்டியில் ஒரு பொருளை மட்டும் குறிப்பாகச் சொல்லியாக வேண்டும். பாம்பு கடித்த இடத்தில் வைத்து நஞ்சை உறிஞ்சுவதாகச் சொல்லும் சிறு பிளாஸ்டிக் பம்பி அது. வெள்ளத்தில் நாகமும் கண்ணாடி விரியனும் மேட்டு நிலம் தேடி வீட்டுக்குள் ஏறுவது உண்மை. அதனாலேயே இந்தப் பம்பியைப் பார்த்ததும் வாங்குபவருக்கு ஒரு நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் கடிவாயைக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது என்பதுதான் மருத்துவ அறிவுரை; கடியுண்டவரை அசைய விடாமல், நஞ்சுமுறி மருந்து உள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது ஒன்றே சிகிச்சை, அம்புலன்சுக்கு 1990. பம்பியோடு போராடும் ஒவ்வொரு நிமிடமும் வைத்தியசாலைக்குப் போகாமல் கழிந்த நிமிடம். நான் அதைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

அந்தப் பெட்டியில் இல்லாதவைதாம் கூடுதலாகத் தேவைப்படுபவை. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் பக்கற்றுகள் இல்லை, பரசிட்டமோல் இல்லை, சேற்றுப்புண்ணுக்குப் பூசும் களிம்பு இல்லை. ஜீவனி ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முகாமில் வயிற்றோட்டம் பரவினால் பிள்ளைகளைக் காப்பது அதுதான். வெள்ளத்துக்குப் பின்னர் எலிக்காய்ச்சல் வருவது வயலோடு வாழ்பவர்களுக்குத் தெரியும். காலில் வெட்டு இருந்தால் நீர் புகாத ஒட்டுத்துணியால் மூடுவதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தடுப்பு மாத்திரை கொடுத்தால் சொன்னபடி எடுப்பதும் வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒரு வாரத்துக்கான மாத்திரையையும் கிளினிக் கொப்பியையும் ஒன்றாகக் கட்டி வைக்க வேண்டும். கொப்பி கையில் இருந்தால் களுவாஞ்சிகுடியில் பார்க்கிற நோயாளிக்கு வேறோர் ஊரின் வைத்தியசாலையிலும் மருந்தைத் தொடர்வது இலகு. இல்லாவிட்டால் 'வெள்ளைக் குளிசை ஒன்று, ரோஸ் குளிசை ஒன்று' என்ற விளக்கத்தோடு வரிசையில் நிற்க நேரும். இன்சுலின் போடுபவர்கள் பாவனையில் உள்ள குப்பியைச் சில வாரங்கள் வெளியில் வைத்திருக்கலாம். வெயிலும் சூடும் படாமல், நேரடியாகப் பனிக்கட்டியில் புதைக்காமல், ஈரத்துணி சுற்றிய சிறு மண் முட்டிக்குள் வைப்பது எங்கள் வெப்பத்துக்குப் போதுமான ஏற்பாடு.

இனி ஆவணங்கள். என் பார்வையில் இந்தப் பையின் பெறுமதி முழுவதும் இதில்தான் இருக்க வேண்டும். தயாரித்தவர் மிகக் குறைவாக யோசித்திருப்பதும் இதில்தான். உள்ளே இருக்கும் ஆவண உறை ஒரு கடவுச்சீட்டு நுழையும் அளவு. எங்கள் காணி உறுதிகளோ நீண்ட தாளில் எழுதி நான்காக மடித்து, மடிப்பிலெல்லாம் நைந்து, பழைய பத்திரிகையில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் கிடப்பவை. அந்த உறுதி மடங்காமல் போகும் அகலமான, வாய் அழுத்திப் பூட்டும் ஒளிபுகு உறை புத்தகக் கடையில் சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கிறது; இரண்டு உறைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டால் இன்னும் நல்லது. தேசிய அடையாள அட்டை, பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்கள், க.பொ.த. பெறுபேறுகள், வங்கிப் புத்தகம், அரச நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும தொடர்பான கடிதங்கள், வாகனப் புத்தகம், பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு ஆகியவற்றை எல்லோரும் சொல்வார்கள். எவரும் சொல்லாத ஒன்று அடகுச் சீட்டு. நகையைப் பத்திரமாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகலாம். அடகில் இருக்கும் நகைக்கு அந்தத் துண்டுச் சீட்டுத்தான் சாட்சி. அது பெரும்பாலும் சாமியறைப் படத்துக்குப் பின்னாலோ மிளகாய்த்தூள் டின்னுக்கு அடியிலோ இருக்கும், கிளம்பும் அவசரத்தில் யாருக்கும் நினைவு வராது.

சுனாமிக்குப் பின் உயிரோடு மிஞ்சியவர்கள் அலைந்ததில் பெரும்பகுதி இந்தத் தாள்களுக்காகத்தான். இறந்தவரின் பெயரை நிறுவவும், வளவின் எல்லையை நிறுவவும், பிள்ளையை வேறு பாடசாலையில் சேர்க்கவும் ஒரு காகிதம் கேட்கப்பட்டது. அந்தக் காகிதம் மணலுக்குள் கிடந்தது. அதனால் மூல ஆவணங்களைத் தவிர இன்னொரு தாளும் பையில் இருக்க வேண்டும் என்பேன். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், காணிப் பதிவகத்தில் பதிந்த தொகுதி, பக்க இலக்கம் ஆகியவற்றைக் கையால் எழுதிய தாள் அது. உறுதி தொலைந்தாலும் இந்த இலக்கங்கள் தெரிந்தால் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கேட்க முடியும். அரச அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்துப் பதிவேட்டில் தேட அனுமதிப்பத்திர இலக்கம் போதும். இந்தத் தாளின் பிரதியொன்று வெள்ளம் எட்டாத ஊரிலிருக்கும் உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டேன், இனிப் பயமில்லை என்போர் அந்தக் கைப்பேசியும் தங்களோடு நனையும் என்பதை மறந்துவிடுகிறார்கள். படத்தை வெளியிலிருக்கும் ஒருவருக்கு அனுப்பி வைத்தால்தான் அது பிரதி.

வெள்ளித்தாள் போர்வை நான்கு கொடுத்திருக்கிறார்கள். மார்கழியில் கூட எங்கள் இரவுகள் அத்தனை குளிரானவை அல்ல. அதைப் போர்த்தியவருக்கு வியர்க்கும், அது சரசரக்கும் சத்தத்தில் பக்கத்தில் படுப்பவருக்குத் தூக்கம் கெடும். நனைந்து நடுங்கும் கைக்குழந்தைக்கு என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்ற மூன்றின் இடத்தில் இரண்டு சாரமும் ஒரு பெரிய சால்வையும் வைத்தேன். விரிக்க, போர்த்த, மறைப்புக் கட்ட, பிள்ளையைத் தூக்கிக் கட்ட, துவட்ட எல்லாவற்றுக்கும் சாரம் ஆகும். பாடசாலை வகுப்பறையில் பல குடும்பங்கள் ஒன்றாகப் படுக்கும்போது பெண்களுக்கு உடை மாற்ற இடமில்லாத சங்கடம் முகாமில் இருந்தவர்களுக்குத் தெரியும். இந்தப் பையைத் தயாரித்தவர் பெண்களை நினைத்ததாகவே தெரியவில்லை: விடாய்க்கால அணையாடை ஒன்றுகூட இல்லை, உள்ளாடைக்கு இடமில்லை. நுளம்புத்திரியும் இல்லை. நைலோன் கயிறும் விசிலும் உண்டு. இரண்டும் நல்லவை, இருட்டில் பிள்ளையின் கழுத்தில் விசிலைத் தொங்கவிடலாம். ஒரு சிறு தறப்பாளைச் சேர்த்துக்கொண்டால் கயிறும் வேலைக்கு வரும்.

ஆனால் கயிற்றை நம்பி ஓடும் நீரைக் கடக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. கணுக்காலுக்குச் சற்று மேல், அரையடி ஆழத்தில் வேகமாக ஓடும் நீரே வளர்ந்த ஒருவரை வீழ்த்திவிடும்; இரண்டு அடி நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தைக் கடந்த உழவு இயந்திரம் கவிழ்ந்து மத்ரசா மாணவர்கள் உயிரிழந்ததை அம்பாறை மாவட்டத்தார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பை ஆயத்தமாக இருப்பதன் உண்மையான பயன் நீருக்குள் அதைச் சுமந்து நடப்பதல்ல, வீதியில் நீர் ஏறுமுன்னரே கிளம்பிவிட முடிவது. எதை எடுப்பது, எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் வழி அடைபடுகிறது.

வாங்கியபடியே பையின் எடை ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அம்மாவின் தோளில் மாட்டிவிட்டபோது, "இத நான் தூக்கிறதா, என்னை ஒராள் தூக்கிறதா மனே?" என்று கேட்டார். தயாரிப்பாளர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. நால்வருக்கு ஒரே பை என்ற எண்ணமே இங்கு சரிவராது: அந்தப் பையைத் தூக்குபவர் வயலிலோ வேலையிலோ இருக்கும் பகல் பொழுதில் கூட வெள்ளம் வரும். ஆவணமும் மருந்தும் வீட்டில் எப்போதும் இருப்பவரின் சிறிய பையில், மூன்று கிலோவுக்குள்; உடுப்பு, தறப்பாள், வானொலி, கேன் ஆகியவை சிவப்புப் பையில்; பிள்ளைகள் தம் பாடசாலைப் பையில் போத்தலும் பிஸ்கட்டும் என்று பிரித்தபோதுதான் எல்லோராலும் நடக்க முடிந்தது. சிறிய தாள்களாகப் பணத்தையும் இரண்டு இடத்தில் பிரித்து வைப்பது நல்லது, மின்சாரம் இல்லாத ஊரில் வங்கி இயந்திரம் காசு தராது.

பையை மாட்டும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நிலத்தில் வைத்தால் முதலில் நனைவது அதுதான். அலமாரிக்கு மேல் ஏற்றினால் முதியவருக்கு எட்டாது. வாசல் கதவுக்கு உட்புறம் நெஞ்சளவு உயரத்தில் ஆணி அடித்து மாட்டுவது பொருத்தமாக இருக்கிறது. புரட்டாதியில் ஒருமுறை திறந்து காலாவதித் திகதி பார்த்து, அவலையும் கச்சானையும் தின்று தீர்த்துப் புதிதாக வைத்து, பவர்பாங்கை ஏற்றி, வளர்ந்துவிட்ட பிள்ளையின் உடுப்பை மாற்றினால் மாரிக்குத் தயார். அந்தப் பிஸ்கட்டைப் புரட்டாதி வரும்வரை பிள்ளைகள் விட்டுவைப்பார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

வாங்கலாமா என்றால், முழுத் தொகுப்பாக வாங்க வேண்டாம். நகரத்தில் விசாரித்ததில் இதே முதுகுப்பை தனியாக 4,500 ரூபாவுக்கும் வானொலி 3,800 ரூபாவுக்கும் கிடைக்கின்றன. மீதி 6,000 சொச்சத்தில் பவர்பாங்கைத் தவிர மேலே சொன்ன எல்லாம் அடங்கிவிடும். பை தேவையில்லை என்போர் பிள்ளையின் பழைய பாடசாலைப் பையையே பொலித்தீன் உள்ளுறையுடன் பயன்படுத்தலாம், வானொலியை மட்டும் விட்டுவிட வேண்டாம். அதை வாங்கும்போது கடையிலேயே பெட்டியைத் திறந்து, கைப்பிடியை ஒரு நிமிடம் சுழற்றி, தமிழ் நிலையம் தெளிவாக எடுக்கிறதா என்று கேட்டுப் பார்த்த பின்னர் பணம் கொடுக்கவும். எனக்கு முதலில் கொடுத்த பெட்டியில் கைப்பிடி உள்ளுக்குள் வழுக்கியது. விற்றவர் பேச்சின்றி மாற்றித் தந்தார், ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு மாற்றுவதில்லை என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சிட்டிருக்கிறார்கள்.